மற்றும் பலர்

குமரா,

உன் பெட்டியைப் பாதி அடுக்கி வைத்திருக்கிறேன். குஜராத்தில் நம்ம ஊர் அரிசி கிடைக்கும் என்று உன் மேனேஜர் சொன்னதை நான் நம்பவில்லை. அதனால் ஒரு சின்ன குக்கரும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன், கனமாக இருக்கிறது என்று எடுத்து வெளியே வைத்துவிடாதே. புது பிளான்ட்டுக்கு நீதான் இன்சார்ஜ் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. குன்றத்தூர் மலை ஏறி முருகனிடமும் சொல்லிவிட்டு வந்தேன், முட்டி இன்னும் வலிக்கிறது. எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது பீரோ மேல் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டி நீ கேட்டாய். "ஏம்மா, அவ்ளோ ரிஸ்க் எடுத்து கொண்டாந்தேன், நீ அத தொட்டுக்கூட பாக்கல. உனக்கு சந்தோஷமே இல்லியா?" நான் ரசம் எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நீ வழக்கம்போல "உட்டுடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். உன்னிடம் எத்தனையோ விஷயங்களை நான் அப்படி விட்டிருக்கிறேன். இதை விட முடியாது. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் ரேடியோவில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் உன் சிநேகிதர்கள் நான் மைக் முன்னால் பேசியவள் என்று நினைப்பார்கள். நீயும் திருத்த மாட்டாய், அது கேட்க நன்றாக இருக்கும். நான் இருந்தது டேப் லைப்ரரியில். ரேடியோ நிலையத்தில் பதிவு செய்த டேப்புகள் சாப்பாட்டுத் தட்டு அகலச் சுருள்களாக வரும். அதை அட்டைப்பெட்டியில் போட்டு, முதுகில் என்ன பதிவு என்று எழுதி, அலமாரியில் வைப்பது என் வேலை. சின்ன வயதில் நீ அந்த அலமாரிகளுக்கு நடுவே ஓடி விளையாடியிருக்கிறாய். குளிர் அதிகம் என்று என் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கியும் இருக்கிறாய். அந்தக் குளிர் எங்களுக்காகப் போட்டதில்லை, டேப்புக்குப் போட்டது. மின்விசிறி ஓடாத அறையில் நாங்கள் கோப்பு பார்ப்போம், டேப் மட்டும் ஏசியில் இருக்கும். அதில் எங்களுக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

பெட்டியின் முதுகில் இடம் குறைச்சல். அதனால் எங்கள் லைப்ரரியில் ஒரு வழக்கம். பேசியவர்களில் பெரிய மனிதர் பெயரை முதலில் எழுதுவோம், பிறகு "மற்றும் பலர்" என்று போட்டு முடித்துவிடுவோம். கல்யாணப் பத்திரிகையிலும் கூட்ட நோட்டீஸிலும் போடுகிற மாதிரிதான். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அது இருந்தது, எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கிராம நிகழ்ச்சி என்றால் ஒரு அதிகாரியின் பெயர், அப்புறம் மற்றும் பலர். அந்தப் பலரில் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் டேப்பை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம், டேப் எங்கே போகப்போகிறது என்பதுதான் எங்கள் எண்ணம்.

மண்ணூர்ப் பக்கம் நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயத்தில் எங்கள் நிலையத்து வேன் அந்த ஊருக்குப் போனது. பள்ளிக்கூட வராண்டாவில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். வேளாண் அதிகாரி ஒருவர் கம்பெனிகள் வந்தால் என்னென்ன நன்மை என்று வெகு நேரம் பேசினார். அதற்குப் பிறகு ஊர்க்காரர்களிடம் மைக்கை நீட்டினார்கள். உங்கப்பாவும் பேசினார். அப்போது நீ கைக்குழந்தை, நாம் மண்ணூரில்தான் இருந்தோம். ஒலிபரப்பில் அதிகாரி பேசியது முழுசாக வந்தது. உங்கப்பா "வணக்கம்" சொன்னதும் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "உன் ஆபீசுல என்ன வணக்கத்தோட அனுப்பிட்டாங்கடி" என்று சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் வெட்டாத முழுப் பதிவு எங்கள் அலமாரிக்கு வந்தது. இரண்டு சுருள். பெட்டிகளின் முதுகில் எழுதியது நான்தான்.

உனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று நீ பள்ளிக்கூட நாட்களில் என்னை அரித்தெடுப்பாய். கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? வீடியோக்காரர் முகூர்த்தம் முதல் பந்தி வரை சினிமாப் பாட்டை ஓட்டிவிட்டிருந்தார். உங்கப்பா வாய் அசைகிறது, யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரிக்கிறார், மேலே வயலின் வாசிக்கிறது. நீ டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். லைப்ரரியில் அவர் குரல் இருக்கிறது என்று நான் அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். ஒரு பிரதி எடுத்துக்கொடு என்று கேட்டாய். டேப்பை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதைவிட, அவர் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு அப்போது இல்லை. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். லைப்ரரியில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். அலமாரியில் வைத்தாகிவிட்டது என்றால் எங்களுக்கு அது சாசுவதம்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி உன் பிளான்ட்டில் பாஸ் கொடுத்தார்கள். பழைய கம்ப்யூட்டர், டிவி, ஒயர் எல்லாம் அரைக்கிற கம்பெனி என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். தலையில் ஹெல்மெட் மாட்டிவிட்டு நீ என்னை உள்ளே அழைத்துப்போனாய். உன் அப்பாவின் ஊரில், அவர் உழுத பூமிக்குப் பக்கத்தில், இத்தனை பெரிய கூரைக்குக் கீழே நீ நடந்துபோக எல்லோரும் "சார், சார்" என்று வணக்கம் வைத்தார்கள். அரைக்கிற மிஷினுக்கு சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். அன்றைக்கு மிஷின் ஓடாது. பெல்ட்டில் வேலை பார்க்கும் எல்லம்மா என்று ஒரு பெண் எனக்குப் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து கொடுத்தாள். "சாரோட அம்மாவா? சார் எங்கள கத்தவே மாட்டாரும்மா" என்றாள். எனக்குப் பூரிப்பாக இருந்தது. உட்கார இடம் தேடி நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு அடுக்கின் மேல் சாய்ந்தேன். தார்ப்பாய் விலகியது. உள்ளே என் கையெழுத்து.

ஒன்றிரண்டு இல்லை, குமரா. அடுக்கு அடுக்காக. நான் எழுதியது, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த பெண் எழுதியது. நான் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ ஓடிவந்து, "இன்னாம்மா, தலை சுத்துதா?" என்றாய். நான் பெட்டியைக் காட்டினேன். உனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் உன் முகம் எப்படி ஆயிற்று என்று நான் பார்த்தேன், அதனால்தான் உன்மேல் முழுக் கோபம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

"பேப்பர்ல காலி டேப்புன்னு போட்டிருக்குதும்மா. ஏலத்துல எடுத்தது. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்ல அரைச்சாகணும்."

"காலியா? ஓட்டிப் பார்த்தாங்களாடா?"

"யார் ஓட்டுவா? அதுக்கு மிஷினே எங்கேயும் இல்ல. எனக்கு பேப்பர்ல என்ன இருக்குதோ அதான்."

அங்கிருந்தே என் பழைய ஆபீசுக்குப் போன் செய்தேன். விடுமுறை நாளிலும் பொறுப்பு அதிகாரி எடுத்தார். தங்கமான மனிதர், குரலிலேயே தெரிந்தது. "முக்கியமானது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா. கமிட்டி உக்காந்து பேர் பாத்துப் பாத்து எடுத்தாங்க. பட்டியல்ல இல்லாததைத்தான் காலின்னு தள்ளினோம்" என்றார். பெயர் பார்த்து எடுத்தார்கள். பெயர் எங்கே இருந்தது? பெட்டியின் முதுகில். சங்கீத வித்வான், மந்திரி, பெரிய எழுத்தாளர், எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஏறட்டும், எனக்குப் பொறாமை இல்லை. ஏதோ ஒரு காலத்து வேளாண் அதிகாரியை யாருக்குத் தெரியும்? அவரைக் கழித்தபோது அவரோடு மற்றும் பலரும் கழிந்தார்கள். ஒரு நாட்டின் பாதி ஜனம் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருந்தது என்று கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதிய எங்களுக்கே தோன்றவில்லையே, அவர்களை என்ன சொல்வது.

நான்கு நாள் நிறுத்தி வை என்று உன்னிடம் கெஞ்சினேன். உன்னால் முடியாது என்றாய். கேமரா இருக்கிறது, அரைக்கிறதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், தாமதமானால் குஜராத் வேலை கைவிட்டுப் போகும் என்றாய். எல்லாம் நிஜம்தான். மறுநாள் மிஷின் ஓடியது. எல்லம்மாவும் மற்றவர்களும் பெட்டியைப் பிரித்து, அட்டையை ஒரு பக்கம், அலுமினியச் சக்கரத்தை ஒரு பக்கம், டேப்பை பெல்ட்டில் என்று போட்டிருப்பார்கள். அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாய். பூஜை முடிந்து எல்லோரும் போனபின் அந்த அடுக்கில் வெகு நேரம் தேடி, நான் எப்போதோ சொன்ன அதிகாரியின் பெயரை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னாய். உன் விரலெல்லாம் கறுப்புத் தூசு. "அப்பாவ காப்பாத்திட்டேம்மா" என்றாய். நான் அழுதேன். நீ சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

இப்போது உனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்கிறேன். அந்தப் பெட்டியை நான் தொடவில்லை என்று நீ நினைக்கிறாய். நீ ஷிப்டில் இருந்த ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு போரூரில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். எங்கள் நிலையத்தில் இன்ஜினியராக இருந்தவர், பழைய ஸ்பூல் மிஷின் ஒன்றைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார். அவர் டேப்பைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து ஓட்டினார், என் போனில் ஏற்றியும் கொடுத்தார். உங்கப்பா பேசுகிறார், குமரா. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூச்சத்தோடு ஆரம்பிக்கிறார், அப்புறம் கோபம் ஏறுகிறது. "கம்பெனியில வேல தர்றோம்ன்றாங்க. இன்னா வேலன்னு கேட்டா ஆளாளுக்கு மூஞ்சப் பாத்துக்கிறாங்க. என்ன உடுங்க, எனுக்கு ஏர் புடிக்கத்தான் தெரியும். வூட்ல சின்னப் பையன் கீறான். அவனுக்கு உள்ள வேல குடுங்க. கேட்டாண்ட நிக்கவெச்சி சலாம் போட்ற வேல வோணாம்." பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். நீ சிரிக்கிற அதே சிரிப்பு, கடைசியில் மூக்கால் ஒரு சத்தம். நான் அந்தப் பெரியவர் வீட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது உன் அப்பா குரல், உன் சொத்து, அந்தப் பதிவை நீ வந்ததும் தருகிறேன். நான் கீழே கேட்கப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நீ மாட்டேன் என்றாலும் தருவேன். பேரம் பேசுகிறேன் என்று நினைக்காதே.

உங்கப்பாவுக்குப் பிறகும் டேப் ஓடியது. கிணறு போச்சு என்று ஒருவர், மாட்டை விற்றுவிட்டேன் என்று ஒருவர், கம்பெனி வரட்டும், என் பெண்ணுக்குப் பஸ் வசதி கிடைக்கும் என்று ஒரு அம்மா. கடைசியில் இன்னொரு பெண் குரல். "என் பேரு காசியம்மா. மண்ணூருதான். நான் இன்னா சொல்றேன்னா..." அதோடு சுருள் முடிந்து, டேப்பின் நுனி சக்கரத்தில் டப் டப்பென்று அடித்தது. மீதி இரண்டாவது சுருளில். நீ அப்பா இருந்த சுருளைத்தான் எடுத்தாய். எடுத்தபோது இன்னொன்று இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை.

மண்ணூரில் காசியம்மா யார் என்று விசாரித்தேன். ஊரில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். உன் பெல்ட்டில் நிற்கிற எல்லம்மாவின் அம்மா. இறந்து வெகு காலம் ஆகிறது. எல்லம்மாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, போனை அவள் காதில் வைத்தேன். முதலில் அவளுக்கு யார் என்று தெரியவில்லை. பிறகு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா... எங்கம்மாம்மா இது" என்றாள். முடிந்ததும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீதி எங்க கீது?"

இரண்டாவது டேப்பில் என்றேன். எந்த டேப் என்று கேட்டாள். பீரோ மேலிருந்த பெட்டியைக் காட்டி, இதே மாதிரி என்றேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. "இந்த மாரி பொட்டிதான அன்னிக்கு பூரா பிரிச்சோம். அதுல போட்டேனா நானு?" என்றாள். லைப்ரரியிலிருந்து ஏற்றும்போது வரிசை கலைந்திருக்கும், அந்த லோடில் வந்ததா, அடுத்ததில் வருகிறதா என்று யாருக்கும் தெரியாது, அதுதான் உண்மை, அதைத்தான் சொன்னேன். அவள் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அடுத்த லோடு ஒரகடம் கோடவுனில் இருக்கிறது. நீ குஜராத்துக்குக் கிளம்புமுன் கையெழுத்துப் போட்டு உள்ளே எடுக்கப்போவதும் அதைத்தான். பொறுப்பு அதிகாரியிடம் மறுபடி பேசினேன். "டேப் காலி இல்லன்னு ஆதாரத்தோட எழுதிக் குடுங்க, லோடைத் திரும்ப எடுத்துக்க நான் மேல பேசறேன். ஆனா அந்த ஒரு டேப் எப்படி வெளிய வந்துச்சுன்னும் எழுதணும்மா, இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். இதுதான் விஷயம், குமரா. நாட்டில் அந்த டேப்புகள் காலி இல்லை என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி நம் வீட்டு பீரோ மேல் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொன்னால் நீ கம்பெனியிலிருந்து பொருளைத் திருடியவன். குஜராத் இல்லை. இந்த வேலையும் இருக்காது. நான் திருடினேன் என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன், கேமராவில் இருப்பது நீ.

நீ என்மேல் வைத்த பாசத்தால் செய்ததை உன் சம்மதமில்லாமல் நான் யாரிடமும் கொண்டுபோக மாட்டேன். ஆனால் நீ கேட்டாயே, சந்தோஷமில்லையா என்று, அதற்குப் பதில் சொல்கிறேன். இல்லை. உங்கப்பா குரல் கிடைத்ததில் என் நெஞ்சு நிறைந்தது. நமக்கு மட்டும் கிடைத்ததில் அது கூசுகிறது. மகன் சூப்பர்வைசராக இருந்ததால் என் புருஷன் தப்பித்தார். அப்படி ஒரு மகன் இல்லாதவர்கள் எல்லாம் பெல்ட்டில் போனார்கள். அந்தக் குரல்கள் யாருடைய தயவும் இல்லாமல், எந்த எல்லம்மாவும் போய்க் கேட்டால் கிடைக்கிற இடத்தில் இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். உன் அப்பா உனக்கு உள்ளே வேலை கேட்டார், கிடைத்தது. உள்ளே இருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டுக்கு வா. என்னோடு ஆபீசுக்கு வருகிறாயா, இல்லை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுகிறாயா, எதுவானாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல். ரயிலேறினாலும் நீ என் பிள்ளைதான், பருப்புப் பொடி உள்ளேதான் இருக்கும். ஆனால் அப்புறம் இதைப்பற்றி என்னிடம் "உட்டுடும்மா" என்று சொல்லாதே.

எல்லம்மா இப்போது லீவு கிடைக்கும்போதெல்லாம் வருகிறாள். காபி குடித்துவிட்டு, அவள் அம்மா பெயர் சொல்லி, ஊர் சொல்லி, என்னவோ சொல்லவருகிறதை மட்டும் ஒரு தடவை கேட்பாள். நேற்று போகும்போது வாசலில் நின்று, "அடுத்த லோடு வந்தா அம்மா பொட்டி எதுன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்? மேல இன்னா எழுதியிருக்கும்?" என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதிகாரியின் பெயர் நீளம், அவளால் நினைவு வைக்க முடியவில்லை. கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொடுத்தேன். அந்த எழுத்தின் வடிவத்தை விரலால் தடவிப் பார்த்துப் பழகிக்கொண்டாள். மடித்துத் தன் ஐடி கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டாள், பெல்ட்டில் அந்த எழுத்து வந்தால் நிறுத்திவிடுவாளாம். எல்லாப் பெட்டியிலும் அதேதான் எழுதியிருக்கும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

அம்மா